திரும்பாதீங்க

இனி வரப்போவதில் ஒரு புள்ளி, ஒரு கொம்பு, ஒரு கால்கூடப் பொய் கிடையாது. அடித்துக் கேட்டாலும் சரி, அணைத்துக் கேட்டாலும் சரி, இதேதான் வரும். சத்தியம் செய்யும்போது கையை எதன்மேலாவது வைக்க வேண்டும் என்பார்கள். இங்கே கைக்கு எட்டியது ஒரு தண்ணீர் டம்ளர்தான். அதன்மேல் வைத்துச் சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்துபோய் உருப்படியாக ஏதாவது வேலை பார்க்கலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், பிரேக்கம்மா வருகிறாள். ஒன்பதாவது மாதம், இடம் வேண்டும்.

பிரேக்கம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். பழகுகிறவரின் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் அவள் காலடியில் ஒன்று. வண்டி நின்றதும் பழகுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொள்வார். நிறுத்தியது அவளுடைய வலது கால். அந்த ஊரில் இன்றைக்கு முழுசாக நடமாடுகிற எலும்புகளில் பாதி அந்தக் காலுக்குக் கடன்பட்டவை. தொழில் அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் புருஷன் பாலை வேகமாக ஊற்றினால்கூட அவள் வலது கால் தரையை அழுத்தும். சினிமாக் கொட்டகையில் ஒருமுறை துரத்தல் காட்சி வந்தபோது அவள் அழுத்திய அழுத்தில் முன்சீட்டு ஆளோடு பெயர்ந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் நின்றது. அந்த ஆள் படம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தார், திரை பக்கத்தில் இருக்கிறது என்று சந்தோஷமாக.

கர்ப்பம் முற்ற முற்ற அவளுக்கு உடம்பில் வந்த மாற்றங்கள் எல்லாப் பெண்களுக்கும் வருகிறவைதான். கொஞ்சம் தாராளமாக வந்தன, அவ்வளவே. பாதம் வீங்கி அவளுடைய செருப்பு போதாமல் போயிற்று. புருஷனுடைய செருப்பு சில நாள் தாங்கியது. பிறகு அவன் வேலைக்குப் போட்டுப்போகும் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ்தான் கதி. இடுப்பு மூட்டெல்லாம் தளர்ந்து அவள் அசைந்து அசைந்து நடந்தபோது பின்னால் வந்தவர்கள் எந்தப் பக்கமாக முந்துவது என்று தெரியாமல் அவள் வேகத்திலேயே ஊர்ந்தார்கள். மூக்கு கூர்மையாகி, மூன்று தெரு தள்ளி எவனாவது கிளட்சைத் தேய்த்தால் வீட்டிலிருந்தே, "காலை எடுடா பாவி" என்பாள். மறதியும் சேர்ந்துகொண்டது. ஓடிக்கொண்டிருக்கிற காருக்குள் உட்கார்ந்து கார் சாவியைத் தேடியிருக்கிறாள். நெஞ்செரிச்சல் எப்படியென்றால், அவள் ஒரு பெருமூச்சு விட்டால் முன்கண்ணாடியில் படிந்த ஈரம் துடைக்காமலே காய்ந்துவிடும். வயிறு எதிரே இருந்த டாஷ்போர்டை முட்டிமுட்டி, காகிதம் போட்டுவைக்கிற பெட்டியின் மூடி தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவள் தொப்புள் வெளியே பிதுங்கிய நாளிலிருந்து அவனுக்குக் கொண்டாட்டம். வேலை முடிந்து வந்ததும் அதை மெதுவாக ஒரு அழுத்து அழுத்தி, "எந்த மாடிக்குங்க போகணும்?" என்பான்.

"கையை எடுங்க. உள்ள ஆள் இருக்கு" என்பாள் அவள்.

உள்ளே இருந்த ஆளும் சும்மா இல்லை. கண்ணைத் திறந்து மூடப் பழகியாயிற்று. தூங்கவும் விழிக்கவும் ஒரு நேரம் வைத்துக்கொண்டாயிற்று. அது அம்மா தூங்கும் நேரமாக இருந்துவிடக் கூடாது என்பதில் கறாராக இருந்தது. உடம்பில் சதை பிடித்து, நகம் முளைத்து, மூச்சு விடுவதற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அடிக்கடி விக்கல் வரும். விக்கல் வந்தால் அவள் சீட் பெல்ட் டிக் டிக்கென்று துள்ளும். இண்டிகேட்டர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் வருகிற பஸ்கள் வழி விடும்.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டாக்டரம்மா வயிற்றில் சில்லென்று எதையோ தடவி, கருவியை வைத்து உருட்டி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன டாக்டர்?"

"தலை மேல இருக்கு. சோஃபால உட்கார்ற மாதிரி ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு. இந்நேரம் திரும்பியிருக்கணும்."

"திரும்பலையா?"

"இன்னும் இல்ல. பயப்படாதீங்க, கடைசியில திரும்புற குழந்தைங்க உண்டு. வெளியிலேருந்து கையால திருப்பிப் பார்க்கிறதும் உண்டு. உங்களுக்கு நஞ்சுக்கொடி முன்பக்கமா இருக்கிறதால நான் அந்த வம்புக்குப் போக மாட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம். அப்பவும் உட்கார்ந்தே இருந்தா ஆபரேஷன்தான். ஒண்ணும் தெரியாது. முதுகுல ஒரு ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ எல்லாம் மரத்துப் போயிடும்."

பிரேக்கம்மாவுக்கு முகம் வெளுத்தது. "காலு?"

"காலும்தான்."

"வலது காலு?"

டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்தார். "வலதுக்குன்னு தனி ஊசி கிடையாதும்மா. ரெண்டும் சேர்ந்துதான் மரக்கும்."

கத்திக்கு அவள் பயந்தவள் இல்லை. ஊசி, ரத்தம் எதற்கும் அஞ்சியவள் இல்லை. கார் பழக வருகிற சலூன்காரர் ஓட்டுகிற வண்டியில் தினமும் உட்காருகிறவளுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? அவளை உலுக்கியது அந்தக் கால்தான். தன் பிள்ளை உலகத்துக்கு வருகிற நேரத்தில், வேறு யாரோ ஓட்ட, தான் பக்கத்து சீட்டில் படுத்துக்கொண்டு, பிரேக்கைத் தேடுகிற கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் கிடப்பது. அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புருஷன் ஓட்டினான், அவள் தரையை அழுத்தினாள். வண்டித் தரையில் பூட்ஸ் மூக்கின் அச்சு விழுந்தது.

"இதென்ன கூத்து" என்றான் புருஷன். "லிஃப்ட் தலைகீழா தொங்கினா தப்பு, ஒத்துக்கறேன். உன் பிள்ளை மரியாதையா நேரா உட்கார்ந்திருக்கு, அதையும் தப்புங்கறாங்க."

"நேரா உட்கார்ந்து எந்தக் குழந்தை வெளிய வரும்? வாசல் கீழ இருக்கு."

"அது சரிதான். கிரவுண்ட் ஃப்ளோருக்கு வந்தாத்தானே கதவு திறக்கும்."

ஸ்கூல் ஆபீஸில் போனை எடுத்து, வகுப்புக்கு நேரம் கொடுத்து, வருகிறவர்களை வம்புக்கு இழுக்கிற வேலை நாத்தனாருடையது. விஷயத்தைக் கேட்டதும் அவள், "கவலைப்படாதீங்க அண்ணி. பிள்ளை எங்க அண்ணனை உரிச்சுவெச்சிருக்கு. அவனும் உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டான்" என்றாள்.

அடுத்த நாள் சலூன்காரருக்கு வகுப்பு.

சலூன்காரர் தங்கமான மனிதர். ஊரில் பாதித் தலைகள் அவர் கைபட்டுத்தான் வெளியே வருகின்றன. அவரிடம் ஒரே ஒரு குறை. பாதி ஆயுளைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கழித்தவர். எதிராளியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். காரில் ஏறியதும் தலைக்கு மேல் இருக்கிற சின்னக் கண்ணாடியில் பிரேக்கம்மாவைத் தேடுவார். அதில் பின்சீட்டு தெரியும், ரோடு தெரியும், முறைக்கிற லாரி தெரியும். அவள் தெரிய மாட்டாள். உடனே நேராக அவள் பக்கம் திரும்பிவிடுவார். பேச்சு வந்தால் கழுத்து திரும்பும், கழுத்து திரும்பினால் கை திரும்பும், கை திரும்பினால் கார் திரும்பும்.

"மேடம், நேத்து ஒருத்தர் வந்தாரு. தலையில மொத்தமா நாலு முடி—"

"திரும்பாதீங்க சார். ரோட்டைப் பாருங்க."

"அந்த நாலையும் நாலு ஸ்டைலா வெட்டணுங்கறாரு—"

"சார், திரும்பாதீங்க! எதிர்ல பஸ்!"

பஸ் திட்டிக்கொண்டே போயிற்று. அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே என்னவோ நடந்தது. வாரக்கணக்காக அங்கே ஒரு தேங்காய் மாதிரி முட்டிக்கொண்டிருந்த தலை மெல்ல நகர்ந்தது. சோம்பேறி ஒருவன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மனசுக்குள் முடிவுசெய்த மாதிரி ஒரு அசைவு. நழுவுகிறது, சரிகிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று சலூன்காரர் முழுசாகத் திரும்பினார்.

"திரும்பாதீங்க!"

நழுவிய தலை சடாரென்று நின்றது. ஒரு கணம் யோசித்தது. பிறகு வந்த வழியே போய்ப் பழைய இடத்தில் பவ்யமாக உட்கார்ந்துகொண்டது.

அவள் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். சொன்னதென்ன, மிதித்து நிறுத்தினாள். அசையாமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை மறுபடியும் மெல்லச் சரிய ஆரம்பித்தது. பரிசோதனைக்காகக் குரலைத் தாழ்த்தி, காற்றைப் பார்த்து, "திரும்பாதீங்க" என்றாள். தலை நின்றது. உட்கார்ந்தது.

"நான் திரும்பவே இல்லையே மேடம்" என்றார் சலூன்காரர் பாவமாக, விறைப்பாக ரோட்டைப் பார்த்தபடி.

பிரேக்கம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழாம் மாசம் வாக்கில் பிள்ளைக்குக் காது கேட்க ஆரம்பிக்கும். ஊர்ச் சத்தமெல்லாம் மங்கலாகப் போய்ச் சேரும். பெற்றவள் குரல் மட்டும் எலும்பு வழியாக இறங்கி நேரே உள்ளே ஒலிக்கும். அந்தக் குரல் அன்றிலிருந்து காலை, மதியம், மாலை என்று சொன்ன சொல் என்ன? வளைவு வந்தால் அவள் "லெஃப்ட் எடுங்க, ரைட் எடுங்க" என்றுதான் சொல்வாள். "திரும்பு" என்கிற சொல்லை அவள் வாய் சொன்னதெல்லாம் "திரும்பாதீங்க" என்றுதான். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று நினைத்தது தப்பு. அளவுக்கு மேல் கேட்கிற பிள்ளை.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றும் அரையும் என்று சொல்ல வேண்டும்.

"அவ்வளவுதானே? திரும்பச் சொல்லிட்டா போச்சு" என்று புருஷன் வயிற்றின் அருகே வாயைக் கொண்டுபோனான். "டேய்! திரும்புடா!"

பளாரென்று ஒரு உதை வந்தது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

"அண்ணே, அது 'டா' போட்டுக் கூப்பிடுற குழந்தை இல்ல" என்றாள் நாத்தனார். "இத்தனை நாளா அண்ணி வாயால 'ங்க' போட்டே கேட்டு வளர்ந்திருக்கு. மரியாதை கொடுத்துக் கேளுங்க."

பிரேக்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பெற்ற பிள்ளையை, அதுவும் இன்னும் பெறாத பிள்ளையை, நீங்க வாங்க என்று கூப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "திரும்புங்க சார்" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"ஒருவேளை மேடமா இருந்தா?" என்றாள் நாத்தனார். "கோவிச்சுக்கிட்டிருக்கும்."

"திரும்புங்க மேடம்."

அதற்கும் அசைவில்லை.

"சாரும் வேணாம், மேடமும் வேணாம் அண்ணி. 'ங்க' மட்டும் போதும். அது பாவம், 'திரும்புங்க'ன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே. தெரிஞ்ச வார்த்தையா சொல்லுங்க."

யோசித்துவிட்டு பிரேக்கம்மா வகுப்புக் குரலில் சொன்னாள்: "ரைட் எடுங்க."

சொன்ன வாய் மூடவில்லை, வயிற்றுக்குள் ஒரு சுழற்சி. பிள்ளை கச்சிதமாக ஒரு ரைட் எடுத்து நின்றது. அதாவது, குறுக்கே படுத்துக்கொண்டது. தலை ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். வயிறு முன்னால் நீண்டிருந்தது போய், பக்கவாட்டில் அகன்றுவிட்டது. அவள் பாத்ரூமுக்குப் போக எழுந்து, வாசற்படியில் சிக்கிக்கொண்டாள்.

"பக்கவாட்டுல திரும்பி— ஐயோ, அந்த வார்த்தை வேணாம். பக்கவாட்டா போங்க அண்ணி!"

"பக்கவாட்டாத்தாண்டி நிக்கறேன்!"

"அப்போ நேரா போங்க. ஐயையோ, ரெண்டு பக்கமும் ஒரே சைஸா ஆயிட்டீங்களே!"

புருஷன் கதவின் கீலைக் கழற்றி அவளை உள்ளே அனுப்பினான். வெளியே வந்ததும், "இன்னொரு ரைட் சொல்லிப்பாரேன். ரெண்டு ரைட் சேர்ந்தா தலை கீழ வந்துடும்" என்றான்.

"அதை அங்க நின்னப்பவே சொல்லிப் பார்த்தாச்சு. அசையலை. ஒரு ரைட் எடுத்தா, அடுத்த ரைட்டுக்கு ஒரு தெரு தூரமாவது நேரா போகணும். நானே சொல்லிக்கொடுத்தது. உள்ள எங்கேருந்து வரும் தெரு?"

மூவரும் அந்த வாதத்தின் நியாயத்தை மதித்துத் தலையாட்டினார்கள்.

"அப்போ நின்ன இடத்துலயே சுத்தணும்" என்றான் புருஷன். "யூ-டர்ன்."

பிரேக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்கூல் இருக்கிற தெரு ஒருவழிப் பாதை. அக்கம்பக்கத்துத் தெருக்களும் குறுகல். வேலைக்கு வந்த நாளாக அவள் யாருக்கும் யூ-டர்ன் சொல்லிக்கொடுத்ததே இல்லை. கேட்டுப் பழகாததைப் பிள்ளை எப்படிச் செய்யும்? ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டி வட்டமடிக்க, அவள் சொல்லச் சொல்ல, அந்த வட்டம் அதன் உடம்பில் ஏற வேண்டும். "ரிவர்ஸ் எடுங்க" என்றாள் வயிற்றிடம். பிள்ளை தயங்காமல் பின்னோக்கிப் போய்ப் பழையபடி சோஃபாவில் உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. ஸ்கேன் மதியத்தில். நாத்தனார் அன்றைய வகுப்புகளையெல்லாம் ரத்துசெய்திருந்தாள், ஒன்றைத் தவிர.

"சலூன்காரர் மட்டும் போனை எடுக்கலை அண்ணி. ரெண்டு கையிலயும் சோப்பு நுரையாம். இப்போ வாசல்ல வந்து நிக்கறாரு."

"வேற ஆளே கிடைக்கலையா?"

"நீங்களே ஓட்டுங்களேன்."

"வயித்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல என் கை நுழையுமாடி?"

"அண்ணன்?"

"உங்க அண்ணன் யூ-டர்ன் எடுத்தா நடுவுல போன் பேசுவாரு."

ஆக, சலூன்காரர் ஓட்ட, பக்கத்தில் பிரேக்கம்மா, வயிற்றுக்குக் கீழே ஒரு பெல்ட் பட்டை, மேலே ஒரு பட்டை, பின்சீட்டில் புருஷன், நாத்தனார், ஆஸ்பத்திரிப் பை. நால்வரும் சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அகலமான இடம். ஓரத்தில் மட்டும் நீல பிளாஸ்டிக் டிரம்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

"சார், இன்னிக்குப் புதுப் பாடம். யூ-டர்ன். மெதுவா, ஒரே சீரா. நான் ஒடிங்கன்னு சொல்லச் சொல்ல ஸ்டீயரிங்கை ஒடிச்சுக்கிட்டே இருக்கணும். நடுவுல நிறுத்தவே கூடாது. பேசவும் கூடாது."

"நான் எப்ப மேடம் பேசினேன்?"

"யூ-டர்ன் எடுங்க" என்றாள் பிரேக்கம்மா.

கார் வளைய ஆரம்பித்தது. "ஒடிங்க. ஒடிங்க. இன்னும் ஒடிங்க." அவள் குரல் எலும்பு வழியே இறங்கியது. விலாவுக்குக் கீழே தேங்காய் அசைந்தது. வண்டி கால் வட்டம் வந்தது, தலை கால் வட்டம் சரிந்தது. "முழுசா ஒடிங்க." வண்டி அரை வட்டத்தை நெருங்கியது. இன்னும் கொஞ்சம்தான்.

தான் ஓட்டுகிற அழகில் சலூன்காரருக்கு மனசு பூரித்துப்போயிற்று. பூரித்தால் அவருக்குப் பேச்சு வரும்.

"மேடம், நெஞ்செரிச்சல் அதிகமா இருந்தா பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும்கறாங்களே, நிஜமா?" என்று முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பினார். தொழில் சம்பந்தமான அக்கறை, குற்றம் சொல்ல முடியாது. கழுத்தோடு கை போயிற்று, கையோடு கார் போயிற்று. வட்டம் கோணி, எதிரே நீல டிரம்கள் வளர ஆரம்பித்தன.

"தி—" என்றது அவள் வாய்.

வயிற்றுக்குள் எல்லாம் ஒரு கணம் தயங்கியது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பிரேக்! பிரேக்கை மிதி!" என்று பின்னாலிருந்து அலறினான் புருஷன்.

கால் ஏற்கெனவே பிரேக்கின் மேல்தான் இருந்தது. மிதித்தால் கார் நிற்கும். கார் நின்றால் பாதிச் சுற்றில் பிள்ளையும் நிற்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஸ்கேன். அப்புறம் ஊசி, மரத்த கால். அந்தக் கால் அவளைக் கேட்காமலே பல பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை இப்போது அவள் கேட்டுக்கொண்டாள், கெஞ்சாத குறையாக. இரும்பு மூக்கு பூட்ஸ் பிரேக்கைவிட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது.

பிறகு அவள் கையை நீட்டினாள். இரண்டு விரலால் சலூன்காரரின் முகவாயைப் பிடித்து, வாயைத் திறக்காமல், மெதுவாக, உறுதியாக, அவர் முகத்தை முன்பக்கம் வைத்தாள்.

சலூன்காரர் கற்சிலையானார். வாழ்நாளெல்லாம் அந்த இரண்டு விரலை மற்றவர்கள் முகவாயில் வைத்தவர் அவர்; அவர் முகவாயில் யாரும் வைத்ததில்லை. விரல் பட்டதும் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் என்ன செய்வார்களோ அதையே செய்தார்: மூச்சை நிறுத்தினார், கழுத்தை விறைத்தார், கண்ணை நேராக வைத்தார். கை தானாக ஒழுங்குக்கு வந்தது.

"ஒடிங்க" என்றாள் பிரேக்கம்மா, பூப்போல.

டிரம்களுக்கும் காருக்கும் நடுவே ஒரு முடி அளவுதான் இடைவெளி இருந்தது. இதைச் சொன்னவர் சலூன்காரரே. முடி விஷயத்தில் அவர் கணக்குத் தப்பாது. வண்டி வட்டத்தை முடித்து நேரானது. அதே நேரம் உள்ளே ஒரு பெரிய புரளல். தலை உருண்டு கீழே இறங்க, இரண்டு குதிகால் வயிற்றுச் சுவரோடு வழுக்கிக்கொண்டு மேலே போயின. வாரக்கணக்காக மூத்திரப்பையை உதைத்துக்கொண்டிருந்த கால், இப்போது விலாவைப் பார்த்து ஒரு உதை விட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி வலித்தது. அவ்வளவு சந்தோஷமான வலியை அவள் அனுபவித்ததே இல்லை.

"இப்போ மூச்சு விடலாமா மேடம்?" என்றார் சலூன்காரர் உதடு அசையாமல்.

"விடுங்க சார். நீங்க பாஸ்."

"முடி விஷயம்?"

"நிறைய இருக்கும் சார். பிறந்ததும் உங்ககிட்டதான் கூட்டிட்டு வருவேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியை வைத்து உருட்டினார். திரையைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "அட! தலை கீழ வந்துடுச்சே. எப்ப திரும்பிச்சு?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் பிரேக்கம்மா இரண்டு கையாலும் வயிற்றின் இரு பக்கத்தையும் பொத்திக்கொண்டாள், காதைப் பொத்துகிற மாதிரி.

"எப்படின்னு கேளுங்க டாக்டர்" என்றாள் நாத்தனார்.

"கேக்க என்ன இருக்கு? கடைசி நேரத்துல தானா திரும்புறதுதான்."

"தானா!" நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் கூரையைப் பார்த்தான். "அந்த டிரம்முங்களைக் கேட்டா தெரியும் தானாவா இல்லையான்னு."

பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் பேச்சு கத்திமேல் நடப்பதாக இருந்தது. பிரேக்கம்மா வகுப்புக்கு விடுப்புப் போட்டாள். புருஷன் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பி—" என்று ஆரம்பித்தால் அவன் வாயில் ஒரு தலையணை வந்து விழும். "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லப் பழகினான். லெஃப்ட், ரைட், ரிவர்ஸ் எல்லாம் வீட்டுக்குள் தடைசெய்யப்பட்டன. சோற்றுக்கரண்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால்தான் காட்டினார்கள். ஒருநாள் காலை எழுந்தபோது வயிறு ஒரு பிடி இறங்கியிருந்தது. மூச்சு தாராளமாக வந்தது, நெஞ்செரிச்சல் தணிந்தது, பாத்ரூம் ஓட்டம் மட்டும் இரட்டிப்பாயிற்று.

"லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்தாச்சு" என்றான் புருஷன். "இனிமே கதவுதான்."

கதவும் திறந்தது. ஒரு பகல் முழுக்க வலித்து, சாயங்காலம் வெயில் தாழும் நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது, தலை முதலில், முடி நிறைய. ஊசி போடவில்லை, கால்கள் இரண்டும் அவள் வசமே இருந்தன. கடைசி வலிக்கு அவள் வலது காலை ஊன்றிய ஊன்றலில் கட்டிலின் கால்மாட்டுக் கம்பி கழன்று பறந்து வராந்தாவில் போய் விழுந்தது. "இது கட்டில்ம்மா, கார் இல்ல" என்றாள் நர்ஸ். பிரேக்கம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கையில் கொடுத்த பிள்ளையைப் பார்த்து, முதல் வார்த்தையாக, "வாங்க" என்றாள்.

டம்ளர்மேல் வைத்த கையை எடுப்பதற்கு முன், இதில் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. பிரேக்கம்மாவுக்கும், அவள் வீட்டாருக்கும், அந்த ஊரில் வேறு எவருக்கும் தமிழ் தெரியாது.